பசியா, பிணியா?

இயந்திரம் ஒன்று பழுதுபட்டால், "எது கெட்டது?" என்று கேட்கிறோம். மனிதன் ஒருவன் தளர்ந்து விழுந்தால், "யார் மீது குற்றம்?" என்று கேட்கிறோம். இரண்டு இடங்களிலும் விழுந்து கிடப்பதன் மீதே பழியைச் சுமத்திவிடுவது நமக்கு எளிதாக இருக்கிறது. விழுந்ததுதான் கெட்டது என்று முடிவு செய்வது நியாயமா? இந்த அறநெறிக் கேள்விக்கு மறையுரை மேடையிலிருந்து அல்ல, பழைய கார்களைப் பழுது பார்க்கும் பட்டறையிலிருந்து விடை தேடிப் பார்க்கலாம்.

1950-களின் இறுதியில் தொடங்கி 2014 வரை மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் உருவான அம்பாசிடர் கார், ஆங்கிலேயரின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வண்டியின் வழித்தோன்றல். பிற்கால வண்டிகளில் ஆல்டர்னேட்டர் வந்துவிட்டது. பழையவற்றில் இருந்தது டைனமோ. எஞ்சின் ஓடும்போது ஃபேன் பெல்ட் டைனமோவைச் சுழற்றுகிறது. அங்கே பிறக்கும் மின்சாரம், கட்-அவுட்டும் ரெகுலேட்டரும் அடங்கிய ஒரு சிறு பெட்டி வழியாகப் பேட்டரிக்குச் செல்கிறது. எஞ்சின் நின்றதும் பேட்டரியின் மின்சாரம் டைனமோவுக்குத் திரும்பிப் பாய்ந்து வீணாகாமல் தடுப்பது கட்-அவுட். டைனமோ தன் ஆற்றலுக்கு மீறி உழைக்காமலும், பேட்டரி அளவுக்கு மீறிப் பெறாமலும் காப்பது ரெகுலேட்டர். பேட்டரியோ எதையும் தானாக உண்டாக்குவதில்லை. பெற்றதைச் சேர்த்து வைத்து, காலையில் எஞ்சினை எழுப்புவதற்கு அள்ளிக் கொடுக்கிறது. கொடுத்ததை வழியிலே திரும்பப் பெறுகிறது. பெற்றுக் கொடுப்பதே அதன் வாழ்வு.

ஒரு நாள் காலையில் சாவியைத் திருப்பினால் வண்டி முனகிவிட்டு அடங்கிவிடுகிறது. பார்த்தவர் அனைவரும், "பேட்டரி போய்விட்டது" என்கின்றனர். புதிய பேட்டரி வருகிறது. வண்டி உற்சாகமாகப் புறப்படுகிறது. தீர்ப்பு சரியாயிற்று என்று மகிழ்கிறோம். சில நாள்களில் அதே முனகல், அதே மௌனம். நடந்தது என்ன? புதிய பேட்டரி கடையிலிருந்து வரும்போதே நிறைந்து வந்தது. அந்தச் சொந்தச் சேமிப்பைச் செலவழித்தே அது அத்தனை நாளும் வண்டியை ஓட்டியது. அதற்கும் உணவு வந்து சேரவில்லை. பழையதற்கு நேர்ந்தது புதியதற்கும் நேர்ந்தது.

தொழில் தெரிந்த மெக்கானிக் இப்படிச் செய்வதில்லை. சாவியைத் திருப்பியதும் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று முதலில் பார்க்கிறார். அந்த விளக்கின் ஒரு முனை பேட்டரியின் பக்கம், மறுமுனை டைனமோவின் பக்கம். இரு பக்கமும் மின்னழுத்தம் சமமானால் விளக்கு அணைந்துவிடும். ஆகவே விளக்கு அணைந்ததாலேயே பேட்டரிக்குப் போதிய மின்சாரம் ஏறுகிறது என்று சொல்லிவிட முடியாது; பல்பே கருகிப் போயிருந்தாலும் விளக்கு எரியாதுதானே! எச்சரிக்கை இல்லை என்பது நலத்திற்குச் சான்றாகாது. வாய்விட்டு முறையிடாதவர்கள் எல்லாரும் மனநிறைவோடு இருக்கிறார்கள் என்று எண்ணும் குடும்பத் தலைவர்களும் பங்குத் தந்தையரும் இதைக் கருத்தில் கொள்வது நல்லது.

அடுத்து அவர் ஹைட்ரோமீட்டரைக் கையில் எடுக்கிறார். 12 வோல்ட் பேட்டரியில் 6 அறைகள் உண்டு. ஒவ்வோர் அறையிலிருந்தும் அமிலத்தை உறிஞ்சி அதன் அடர்த்தியை அளக்கிறார். ஐந்து அறைகள் நன்றாக இருந்து ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 0.050 அளவுக்குத் தாழ்ந்திருந்தால், அந்த அறையில் கோளாறு உண்டு. அது பிணி. ஆறு அறைகளும் ஒரே சீராகத் தாழ்ந்திருந்தால், பெரும்பாலும் பேட்டரியில் குற்றமில்லை; அதற்குச் சேரவேண்டியது சேரவில்லை. அது பசி. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றே; இரண்டிலும் வண்டி கிளம்பாது. ஆனால் பிணிக்கு உரிய மருந்து வேறு, பசிக்கு உரிய மருந்து வேறு. பசித்தவனைப் பிணியாளன் என்று ஒதுக்கிவிடுவது அநீதி.

பசி என்று தெரிந்தபின் தேடல் மேல்நோக்கிச் செல்கிறது. ஃபேன் பெல்ட் தளர்ந்து நழுவுகிறதா? டைனமோவின் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டதா? டெர்மினல்களில் உப்புப் பூத்திருக்கிறதா? எர்த் கம்பி துருவேறிய இரும்பைத் தொட்டுக்கொண்டு பெயருக்கு நிற்கிறதா? வண்டி உறங்கும் இரவில், டிக்கியில் அணையாத சிறு விளக்கு ஒன்று கமுக்கமாகச் சேமிப்பைக் குடிக்கிறதா? வோல்ட்மீட்டரின் முள்ளும் சாட்சி சொல்லும். ஓய்ந்திருக்கும் நல்ல பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் வேகமெடுக்கும்போது அது 14-ஐ ஒட்டி உயர வேண்டும். உயரவில்லையெனில் ஊட்டும் வழியில் எங்கோ தடை இருக்கிறது.

இந்தக் கட்டத்தில் ஒரு சோதனை குறுக்கிடும். பெல்ட்டையும் கம்பிகளையும் பாராமல், ரெகுலேட்டரின் திருகைச் சற்று இறுக்கிவிட்டால் என்ன? சில நாள் வண்டி ஓடலாம். ஆனால் இல்லாத குற்றத்தை ரெகுலேட்டரில் திருத்தியவரின் வண்டியில், பின்னர் எர்த் சரியான அன்று அளவுக்கு மீறிய மின்சாரம் பாயும், பேட்டரியின் நீர் கொதித்து வற்றும், டைனமோவும் கருகலாம். குடும்பத்திலும் சபையிலும் நாம் செய்வது பல வேளைகளில் இதுவே. ஊட்டம் குறைந்த இடத்தில் ஒழுங்குவிதிகளைக் கடுமையாக்குகிறோம்.

புனித தோமா அக்குவினார் தம் இறையியல் தொகுப்பில் தீர்ப்பிடுதலைப் பற்றி ஆராய்கிறார். உறுதியான காரணமின்றி, ஐயத்தை மட்டும் கொண்டு பிறரைத் தீர்ப்பிடுவதை அவர் அவசரத் தீர்ப்பு என்கிறார். ஐயமுள்ள இடத்தில் பிறரைக் குறித்து நல்லதையே கொள்ள வேண்டும் என்கிறார். ஆயினும் அவர் மற்றொன்றையும் சேர்க்கிறார். ஒரு தீமைக்கு மருந்து தேடும்போது, நிலைமை மோசமானது என்றே வைத்துக்கொண்டு முயல்வது பயன் தரும். ஏனெனில் பெரிய நோயைத் தீர்க்கவல்ல மருந்து சிறியதையும் தீர்க்கும். முரண்போலத் தோன்றும் இவ்விரண்டும் பட்டறையில் ஒன்றாகின்றன. மெக்கானிக் எல்லாவற்றையும் ஐயுறுகிறார். எதையும் அளக்காமல் குற்றவாளியாக்குவதில்லை. குணமாக்குவதற்காக ஐயுறுவது வேறு, தண்டிப்பதற்காக ஐயுறுவது வேறு.

அரசர்கள் முதல் நூலில் எலியாவைப் பாருங்கள். கார்மேல் மலையில் தனியாளாய் நின்றவர், ஈசபேலின் மிரட்டலுக்கு அஞ்சிப் பாலைநிலத்திற்கு ஓடி, சூரைச்செடியின் அடியில் அமர்ந்து சாவை வேண்டுகிறார். நாம் அங்கிருந்தால், "இறைவாக்கினருக்கு இந்தக் கோழைத்தனம் ஆகுமா?" என்று கடிந்திருப்போம். வானதூதர் கடியவில்லை. அப்பமும் நீரும் தந்து எழுப்புகிறார். எலியா உண்டு மீண்டும் உறங்குகிறார். மறுபடியும் எழுப்பி உண்ணச் செய்கிறார். அந்த உணவின் வலிமையால் அவர் நாற்பது நாள் ஒரேபு மலை வரை நடக்கிறார். எலியாவுக்கு நேர்ந்தது பிணியன்று, பசி என்பதை ஆண்டவர் அறிந்திருந்தார்.

நம் பங்குகளில் ஞாயிறுதோறும் மறைக்கல்வி கற்பித்து, எல்லாக் குழுக்களிலும் பெயர் கொடுத்து உழைத்தவர் ஒருவர் திடீரென விலகிக்கொள்கிறார். "ஆர்வம் குறைந்துவிட்டது" என்று சொல்லி வேறொருவரை அமர்த்துகிறோம். ஓராண்டில் அவரும் ஓய்கிறார். நோயுற்ற பெற்றோரை ஆண்டுக்கணக்கில் தனியாகப் பேணும் மகள் ஒரு நாள் எரிந்து விழுந்தால், அவளுக்குப் பொறுமையில்லை என்கிறோம். அவளுக்கு ஊட்டம் எங்கிருந்து வருகிறது, வரும் வழி எங்கே அறுந்தது என்று கேட்பவர் எத்தனை பேர்?

இதனால் எவர் மீதும் குற்றமே இல்லை என்று ஆகிவிடாது. சில வேளைகளில் பேட்டரியே கெட்டிருக்கும். அதை மறைப்பது இரக்கமன்று. அளந்து பார்ப்பதை நீதியும் கேட்கிறது, இரக்கமும் கேட்கிறது. ஆனால் தாமதத்திற்கு இங்கே இடமில்லை. சார்ஜ் இறங்கிய பேட்டரியை நெடுநாள் அப்படியே போட்டு வைத்தால், அதன் ஈயத் தகடுகளில் படிந்த சல்பேட் இறுகிக் கெட்டிப்படும். அதன்பின் எவ்வளவு ஊட்டினாலும் அது ஏற்றுக்கொள்ளாது. கவனிப்பாரற்ற பசி, காலப்போக்கில் உண்மையான பிணியாகவே மாறிவிடுகிறது. அப்போது, "நான் அன்றே சொன்னேனே, அது கெட்டதுதான்" என்று தீர்ப்பிட்டவர் பெருமைப்படலாம். அன்று அது கெட்டிருக்கவில்லை. நம் வீட்டிலோ பங்கிலோ தளர்ந்து போனவர் ஒருவர் இருந்தால், அவரிடம் இந்த வாரமே சென்று, குறை சொல்லாமல், அவருக்கு எது வந்து சேரவில்லை என்று கேட்போம்.