பயிற்சியாளரிடம் சொல்ல வேண்டியது

நடுத்தர வயதில் ஓட ஆரம்பித்து, அதற்கென்று ஒரு பயிற்சியாளரையும் அமர்த்திக்கொள்கிறவர்கள், அவரிடம் தாம் சொல்ல வேண்டியது வந்தனம் ஒன்றே என்று எண்ணிக்கொண்டிருப்பதை மெரீனாக் கடற்கரைச் சாலையில் விடியற்காலை வேளைகளில் பல முறை கண்டிருக்கிறேன். வியர்வை சொட்ட நிற்பவரை "எப்படி இருந்தது?" என்று அவர் விசாரித்தால், "பிரமாதம் சார்" என்பதே பதில். குருவிடம் குறை சொல்லலாகாது என்ற பரம்பரைச் சங்கோசமும், நம்மைப் பலஹீனன் என்று நினைத்துவிடுவாரோ என்ற கௌரவ பயமும் கூடிப் பெற்ற பதில் அது. அடுத்த வாரத்துப் பயிற்சியை வகுப்பதற்கு அதனால் அவருக்கு எள்ளளவும் பிரயோசனம் இல்லை.

பாதம் விழும் விதமும், தோள் இறுகுவதும், கைக்கடிகாரம் காட்டும் நாடித்துடிப்பும் அவர் கண்ணுக்குத் தெரியும். அந்த நாடி ஏறியது உறக்கம் கெட்டதாலா, புழுக்கத்தாலா, வீட்டுக் கவலையாலா என்பது நமக்குத்தான் தெரியும். ஸ்வீடன் தேசத்து மனோதத்துவ அறிஞர் குன்னார் போர்க், சிரமத்தை அதை அனுபவிப்பவரே 6 முதல் 20 வரையுள்ள எண்களால் மதிப்பிடும்படி ஓர் அளவுகோலை வகுத்து, அந்த எண்ணைப் பத்தால் பெருக்கினால் ஏறக்குறைய நாடித்துடிப்பு வரும்படியும் அதை அமைத்தார். கடிகாரம் 130 என்று காட்டும்போது நம் வாய் 17 என்று சொன்னால், அந்த வித்தியாசத்தில்தான் பயிற்சியாளருக்கு வேண்டிய செய்தி இருக்கிறது. வலியும் அப்படியே. "முழங்கால் வலிக்கிறது" என்பது வெறும் புலம்பல். எந்தப் பக்கம், எத்தனையாவது கிலோமீட்டரில், உடம்பு சூடேறியதும் குறைகிறதா கூடுகிறதா, மறுநாள் மாடிப்படி இறங்கும்போதும் இருக்கிறதா என்பவையே விஷயம்.

மனத்தில் எழும் சந்தேகத்தையும் மறைக்க வேண்டியதில்லை. 1954 மே 6 அன்று, லண்டனிலிருந்து ஆக்ஸ்போர்டுக்குச் செல்லும் ரயிலில், ஓட்டக்காரர் ரோஜர் பானிஸ்டர், காற்று இவ்வளவு பலமாக வீசும்போது ஒரு மைலை நான்கு நிமிஷத்துக்குள் ஓடும் பிரயத்தனத்தை இன்று செய்யத்தான் வேண்டுமா என்ற தம் சந்தேகத்தை, உடன் வந்த பயிற்சியாளர் பிரான்ஸ் ஸ்டாம்பிளிடம் ஒளிக்காமல் வெளியிட்டார். வைத்திய மாணவரான பானிஸ்டருக்குத் தைரியசாலி வேஷம் தேவைப்படவில்லை. இந்தச் சந்தர்ப்பத்தைக் கைவிட்டால் பின்னால் பானிஸ்டருக்குத் தம்மையே மன்னிக்க முடியாமற் போகலாம் என்ற கருத்தில் ஸ்டாம்பிள் பதில் சொன்னார். மாலையில் காற்றுத் தணிந்தது; ஓட்டம் 3 நிமிஷம் 59.4 விநாடியில் முடிந்தது. சந்தேகத்தை மறைத்து, "பிரமாதம்" என்று பானிஸ்டர் சொல்லியிருந்தால், ஸ்டாம்பிள் எதற்குத்தான் பதில் சொல்லியிருக்க முடியும்?

பயிற்சியாளரைப் பற்றி அவரிடமே சொல்ல நேருவதுதான் சங்கடம். "பாலத்து ஏற்றத்தில் அடியைக் குறுக்கி வைக்கச் சொன்னீர்கள், அதன் பிறகு தொடை எரிவதில்லை" என்று பலித்ததைச் சொல்லும் அதே குரலில், "கடைசிச் சுற்றில் நீங்கள் வேகம் வேகம் என்று கத்தும்போது எனக்கு மூச்சுத் தடுமாறுகிறது" என்பதையும் சொல்லலாம். ஆனால் நாலு பேர் நடுவில் அல்ல, தோற்ற ஆத்திரத்திலும் அல்ல. நல்ல பயிற்சியாளர் முகம் சுளித்தாலும் மறுவாரம் குரலைத் தணித்துக்கொள்வார். இத்தனையும் கேட்டபின் எல்லோருக்கும் ஒரே அட்டவணையையே நீட்டுகிறவர், தம் காலத்தில் எவ்வளவு பெரிய ஓட்டக்காரராக இருந்திருந்தாலும், அவரைவிட்டு விலகிவிடுவதே தேகத்துக்கு நல்லது.