உளி பட்ட கல்

பெரம்பலூரை அடுத்த, கைவிடப்பட்ட கல்குவாரி ஒன்றின் செங்குத்தான முகத்தில், நண்பர் கீழே கயிற்றைப் பிடித்து நிற்க, ஒரு நாள் காலை நான் ஏறிக்கொண்டிருந்தபோது, வலக்கை விரல்கள் சென்று பற்றியது, எந்தத் தொழிலாளியோ முன்பு ஆப்பு இறக்குவதற்காகக் குடைந்துவிட்டுப் போன ஒரு சிறு குழியை. அதன் உட்புறத்தில் உளிக்கொத்துகள் அம்மைத் தழும்புபோல் விரலுக்குத் தட்டுப்பட்டன. மலையின் காயமே என் பிராணனைத் தாங்கிய பிடியென்றால், அந்த உளியின் கர்மம் பாவமா, புண்ணியமா?

மாலையில் அரியலூர் ஜில்லாவின் கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் போனபோதும் கேள்வி விடவில்லை. முதலாம் ராஜேந்திரன் 11ஆம் நூற்றாண்டில் எழுப்பிய அவ்வாலயத்தின் மதிற்கற்களை, 1836இல், கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டுவதற்காகப் பெயர்த்துக்கொண்டு போனார்கள், கோயிலே குவாரியாயிற்று. கல்லில் சாந்நித்தியம் நிலைப்பது மந்திரத்தாலா, மனிதரின் பக்தியாலா என்று ஆகமம் அறிந்தோர் வாதிக்கட்டும். பயிருக்கு நீர் தேக்கி நிற்கும் கல்லை ஈசுவரன் துறந்துவிட்டான் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. (அணைக்கட்டின் மீது நின்று கும்பிடுகிறவர் எவரையும் நான் கண்டதில்லை என்பது வேறு விஷயம்.) ஆயினும் பெயர்த்தவர்களுக்காக வாதாடவும் மனம் வரவில்லை. தடுக்க முயன்ற ஊராரைத் தண்டித்தார்கள் என்றும், பதிலுக்குச் செங்கல் மதில் எழுப்பித் தருவதாகக் கொடுத்த வாக்கை நிறைவேற்றவேயில்லை என்றும் அந்த நூற்றாண்டுக் குறிப்பொன்று சொல்கிறது.