கவனக்குறைவு யாருடையது?

தெருவில் நடந்து சென்ற ஒருவர் வாகனத்தில் அடிபட்டு இறந்தால், ஊரில் முதலில் எழும் கேள்வி, "பார்த்துப் போகக் கூடாதா?" என்பதே. இறந்தவரை நோக்கிக் கேட்கப்படுவதாயினும், இக்கேள்வி ஆறுதலளிப்பது உயிரோடிருப்போருக்குத்தான். அவர் கவனமின்றிப் போனார். நாம் கவனமாகப் போகிறோம். ஆகவே நமக்கு ஒன்றும் நேராது!

நடப்போரிடம் தவறே இல்லையென்று வாதாட நாம் வரவில்லை. நிற்கும் பஸ்ஸின் முன்னால் மறைந்து வந்து தெருவைக் கடப்பதும், கைத்தொலைபேசியைப் பார்த்தபடி நடப்பதும், மஞ்சட் கடவை அருகிருக்க வேறிடத்தில் பாய்வதும் உயிர்குடிக்கும் காரணங்களே. வேகமும் மதுவும், வளைவில் முந்தும் வெறியும் மறுபக்கத்துக் காரணங்கள். இவற்றை வகுப்பறையில் நாம் நாள்தோறும் சொல்லி வருகிறோம். ஆயின் நம்மை உறுத்துவது வேறொரு வினா. கவனமாயிருத்தல் ஓர் அறக்கடமையெனில், அதனை நிறைவேற்றுதற்குரிய இடம் எல்லோருக்கும் கிடைத்திருக்கின்றதா?

யட்டியாந்தோட்டையை எடுத்துக்கொள்வோம். அவிசாவளையிலிருந்து கித்துல்கலை, கினிகத்தேனை வழியாக அட்டனுக்கு ஏறும் நெடுஞ்சாலை இவ்வூரூடாகச் செல்கின்றது. 1903 இல் இங்கு வந்து சேர்ந்த சிறிய ரயில் பாதை 1942 இல் அகற்றப்பட்டது. அதன் பின்னர் றப்பரும் தேயிலையும், கொழும்புப் பயணிகளும், சிவனொளிபாத யாத்திரிகரும் இந்த ஒரு சாலையையே நம்பியுள்ளனர். லயங்களிலிருந்து குறுக்குப் பாதைகளால் இறங்கிவரும் பள்ளிப் பிள்ளைகளும், சந்தைக்கு வரும் தாய்மாரும் அச்சாலையின் ஓரத்துக்கே வந்து சேர்கின்றனர். ஓரம் என்றோம்; பல இடங்களில் ஓரம் என்பதே இல்லை. தார் முடியுமிடத்திற் கான் தொடங்குகின்றது. கானுக்கப்பால் வெட்டி நிறுத்திய மலை.

எதிரே வரும் வாகனத்தைக் காணும்படி வலப்புறமாக நடக்க வேண்டும் என்பது நாம் கற்பிக்கும் விதி. நல்ல விதிதான். ஆனால் சாலை வலப்புறமாக மலையை அணைத்துத் திரும்பும் வளைவில் அவ்விதியின்படி நடக்கும் பிள்ளை, மலைச்சுவரோடு ஒட்டி நிற்க வேண்டியதாகிறது. எதிரே இறங்கிவரும் பஸ்ஸும் அதே சுவரை ஒட்டியே திரும்பும். கடைசிக் கணம்வரை சாரதி பிள்ளையைக் காணார். பிள்ளையும் பஸ்ஸைக் காணாது. எனவே அனுபவமுள்ள தோட்டத்து மக்கள் அந்த இடத்தில் மறுபுறம் கடந்து, வெளிவிளிம்பால் நடந்து, மீண்டும் இப்புறம் வருகின்றனர். விதியை மீறுவதே அங்கு கவனம். ஆனால் அப்படிக் கடக்கையில் அடிபட்டால், "பாதசாரி திடீரெனக் குறுக்கே வந்தார்" என்ற ஒரு வரியோடு காரணம் முடிந்துவிடும்.

இப்பழியைச் சுமத்தும் வழக்கம் தானாக முளைத்ததன்று. வாகனங்கள் மணிக்கு 25 மைலுக்கு மேல் ஓடாதபடி ஒரு கருவியைப் பொருத்த வேண்டுமென 1923 இல் அமெரிக்காவின் சின்சினாற்றி நகர மக்கள் கையெழுத்திட்டுக் கோரினர். மோட்டார் வணிகர் திரண்டு பிரசாரம் செய்து, வாக்கெடுப்பில் அக்கோரிக்கையைத் தோற்கடித்தனர். தெருவைக் கடப்போரை 'ஜேவாக்கர்' என்று இகழும் வழக்கமும் அக்காலத்திலேயே அந்நாடெங்கும் பரப்பப்பட்டது. பட்டணத்தில் நடக்கத் தெரியாத பட்டிக்காட்டான் என்பது அச்சொல்லின் உட்பொருள். அதுவரை எல்லோருக்கும் பொதுவாயிருந்த தெருவில், நடப்பவன் அத்துமீறியவன் ஆனான். "தோட்டத்து ஆட்களுக்கு ரோட்டில் போகத் தெரியாது" என்று நம்மூர்க் கடைவாசலில் சொல்வோர் அமெரிக்க வரலாற்றை அறியார். ஆனால் அந்த வணிகரின் பேச்சைத்தான் பேசுகின்றனர்.

சாரதியை அரக்கனாக்குவதும் நமது நோக்கமன்று. தனியார் பஸ் சாரதிகளிற் பலர் அன்றைய வசூலை நம்பி ஓடுபவர்கள். பின்னால் வரும் பஸ் முந்தினால் அடுத்த தரிப்பிடத்துப் பயணிகள் கைநழுவிப் போவர். அவரது அவசரம் பஸ் முதலாளியின் கணக்கில் பிறக்கிறது. எனினும் இருவர் தவறும் ஒரே நிறையுடையதன்று. வேகம் இருமடங்கானால் மோதும் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பது நம் மாணவர் அறிந்த விஞ்ஞானம். நடப்பவரின் தவறு பெரும்பாலும் அவரையே கொல்லும். வாகனத்தின் தவறு பிறரைக் கொல்லும். ஊறு செய்யும் ஆற்றல் எவரிடம் மிகுந்துளதோ, பொறுப்பும் அவரிடமே மிகுதல் வேண்டும். அந்த வரிசையில் சாரதிக்கும் மேலே நிற்பவர்கள், சாலையை அமைத்தோரும் பஸ் நேர அட்டவணையை வகுத்தோருமே.

மனிதர் தவறு செய்வர். அத்தவறுக்கு மரணம் தண்டனையாகக் கூடாது என்னும் கொள்கையை 1997 இல் சுவீடன் பாராளுமன்றம் ஏற்றது. செல்வ நாட்டுக்குத்தான் அது இயலும் என்பார்கள். யட்டியாந்தோட்டை வளைவுகளில் திறந்து கிடக்கும் கான்களின் மேல் கொங்கிறீட் பலகைகளைப் பதித்தால், தாரில் இறங்காமல் ஒரு பிள்ளை நடந்துபோக இடம் கிடைக்கும். அடுத்த மாரிக்கு முன் எத்தனை வளைவுகளுக்கு அவ்வாறு செய்யலாம், எத்தனை பலகைகள் வேண்டும் என்று நம் மேல்வகுப்பு மாணவர்களே அளந்து சொல்லிவிடுவர். பள்ளிக்கூடங்கள் தோறும் அந்த அளவைத் தொடங்கலாம்.