வாசலைப் பார்த்து நாடி பிடிக்கிறவர்கள்

வீட்டுக்குள் வராமல், ஒரு வார்த்தை கேட்காமல், தெருவை மட்டும் பார்த்து அங்கே இருக்கிற சனங்களின் உடம்பு எப்படி இருக்கும் என்று சொல்ல முடியுமா? முடியும் என்கிறார்கள் அமெரிக்காவில். முடியுமா என்பது விஞ்ஞானிகள் பாடு. செய்யலாமா என்பது நம்ம கேள்வி.

2018-ல் மஹாரானா, என்சோசி என்கிற இரண்டு ஆய்வாளர்கள் லாஸ் ஏஞ்சல்ஸ், மெம்பிஸ், சான் அன்டோனியோ, சியாட்டில் வட்டாரங்களின் செயற்கைக்கோள் படங்களில் சுமார் ஒன்றரை லட்சத்தைக் கணினிக்குக் காட்டினார்கள். மரம், ரோடு, கட்டிடம் எப்படி அமைந்திருக்கு என்பதை அது தானே பிரித்தெடுத்தது. எந்தப் பகுதியில் உடற்பருமன் கூட, எதில் குறைவு என்ற வேறுபாட்டில் 64.8 சதவீதத்தை அந்தப் படங்களை வைத்தே விளக்க முடிந்ததாம். சின்ன விஷயமில்லை. ஆனா அதே படங்கள் அந்தப் பகுதியின் வருமானத்தோடும் ஒத்துப்போயின. அப்போ கணினி பார்த்தது மரத்தையா, வறுமையையா?

இந்தக் கண்ணுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தது யார் என்றும் பார்க்கணும். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இரண்டு தெருப் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 'எது பாதுகாப்பாத் தெரியுது?' என்று இணையத்தில் வருகிறவர்களைக் கேட்டார்கள். நியூயார்க், பாஸ்டன் படங்களுக்கு வந்த பதில்களை வைத்து 2014-ல் கணினியைப் பழக்கி, 21 நகரங்களுக்கு மதிப்பெண் போட வைத்தார்கள். அந்தத் தெருவில் ஒருநாளும் கால் வைக்காதவன் மனசில் இருந்த பயம், இப்போ அந்தத் தெருவின் குணமாக எழுதப்பட்டு விட்டது. இது நமக்குப் புதுசா என்ன? சேரிப் பக்கம் வராமலேயே சேரியைப் பற்றி எல்லாம் தெரிந்தவர்கள் எத்தனை பேர்!

1930களில் அமெரிக்க அரசின் வீட்டுக்கடன் நிறுவனம் 200-க்கு மேற்பட்ட நகரங்களுக்கு வரைபடம் போட்டது. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளுக்குப் பெரும்பாலும் சிவப்பு வர்ணம். கடன் கொடுக்க ஆபத்தான இடம் என்று அர்த்தம். வீட்டு விஷயத்தில் பாகுபாடு கூடாது என்று சட்டம் வந்தது 1968-ல்தான். 2020-ல் 108 நகர்ப்பகுதிகளை ஆராய்ந்தபோது 94 சதவீதத்தில் அந்தப் பழைய சிவப்புப் பகுதிகளே அதிகம் கொதித்தன. அங்கே மரமும் கம்மி. மரம் இல்லாதது படத்தில் விழும். கடனை மறுத்த கை விழாது.

டூபாய்ஸ் செய்தது வேற மாதிரி. 1896-97-ல் பிலடெல்பியாவின் ஏழாவது வார்டிலேயே குடியிருந்து, வீடு வீடாக ஏறி விசாரித்தார். கறுப்பர் சாவு அதிகமாக இருப்பதற்கு இனம் காரணமில்லை, வாழ்கிற நிலைமைதான் காரணம் என்று 1899-ல் புத்தகமாகவே எழுதினார். அவரும் கறுப்பர்தான். அப்படியும், எங்களை ஏதோ விநோதப் பிராணி மாதிரி ஆராயறதா என்று சனங்கள் முகம் சுளித்ததை அவரே பிற்பாடு எழுதியிருக்கிறார். முகத்துக்கு நேரே சுளிக்க ஒரு முகமாவது இருந்தது. கேமரா வைத்த காரிடம் யார் சுளிப்பது?

தோழர்கள் சிலர் சொல்வது: 'கணக்கெடுக்க வர்றவனே நம்ம தெருவுக்குள்ள வரமாட்டேங்கிறான், படமாவது பேசட்டுமே.' நியாயம்தான். சாக்கடை இல்லை, விளக்கு இல்லை என்று அதிகாரியின் மேசையில் படத்தைப் போட்டால் மழுப்ப முடியாது. அதை நான் மறுக்கவில்லை. சாக்கடை இல்லை என்பதைச் சொல்ல வேண்டிய படம், இங்கே இருக்கிறவன் நோயாளி என்று மட்டும் சொல்லிவிட்டு, காப்பீட்டுக்காரன் கைக்கும் வங்கிக்காரன் கைக்கும் போய்ச் சேர்ந்தால் என்ன செய்வது என்பதுதான் என் பயம்.

2022 ஜூலையில் கூகுளின் தெருக்காட்சி சென்னைக்கும் வந்தது. கார் போகிற தெருதான் அதில் பெரும்பாலும் விழும். எதிரே ஆள் வந்தால் ஒதுங்கி நிற்கிற சந்து விழாது. நாளைக்கு இதை வைத்துக் காசநோய்க்கும் டெங்குவுக்கும் கணக்குப் போட யாராவது வரலாம். வந்தால், அவர்கள் சந்துக்குள் வந்து, முடிவை எங்கள் மொழியில் எங்களிடம் வாசித்துக் காட்டுவார்களா? தப்பு என்று ஒரு கிழவி சொன்னால் அடித்துத் திருத்துவார்களா?