நீயும் அழகிதான் என்ற ஆறுதல்

கேட்கும் பொருளாக இருந்த பாட்டு பார்க்கும் பொருளாகவும் ஆனபோது, பாடகியின் குரலோடு அவருடைய நிறமும் இடுப்பும் கூந்தலும் மதிப்பீட்டுக்கு வந்தன. அமெரிக்காவில் 1981 ஆகஸ்ட் 1 அன்று எம்டிவி ஒளிபரப்பைத் தொடங்கியது. அதற்கு முன்பும் பாட்டுக்கென்று படம் எடுத்தவர்கள் உண்டு. ஆனால் நாள் முழுவதும் வீட்டுக்குள் ஓடிக்கொண்டிருக்கும் மியூசிக் வீடியோ நிலைபெற்றது அதன் பிறகுதான். மூன்று நான்கு நிமிடத்துக்குள் பார்ப்பவரைப் பிடித்து நிறுத்த வேண்டும்; அதற்குச் சுலபமாகக் கிடைத்தது பெண்ணின் உடல்.

1986-இல் வந்த ராபர்ட் பால்மரின் ‘அடிக்டட் டு லவ்’ வீடியோவை இயக்கிய டெரன்ஸ் டொனோவன் ஒரு ஃபேஷன் புகைப்படக் கலைஞர். பாடகருக்குப் பின்னால் ஐந்து பெண்கள் இசைக்குழு போல நிற்கிறார்கள். ஒரே கறுப்பு உடை, இழுத்து வாரிய தலை, வெளுத்த முகம், செக்கச்சிவந்த உதடு. கையில் வாத்தியம் இருக்கிறது; வாசிக்கத் தெரிந்தவர்கள் இல்லை, எல்லோரும் மாடல்கள். ஒருத்திக்கும் இன்னொருத்திக்கும் வேறுபாடு தெரியாதபடி ஆக்குவதே அங்கே ஒப்பனைக்குக் கொடுக்கப்பட்ட வேலை. 1999-இல் ஷனாயா ட்வைன் இதே காட்சியைத் திருப்பிப் போட்டு, தன் பின்னால் ஆண் மாடல்களை நிறுத்திப் பாடினார். அழகின் அச்சு ஒன்றே ஒன்று என்ற பழைய நினைப்பு அதனால் அசைந்துவிடவில்லை.

விளக்கும் ஒப்பனையும் சேர்ந்து செய்யும் வேலை இது என்று தெரிந்துவிட்டால் மனம் பாதிக்கப்படாது என்று தோன்றலாம். மனம் அப்படி இயங்குவதில்லை. ஆஸ்திரேலியாவின் மரிகா டிக்மன், ஏமி ஸ்லேட்டர் என்ற இரு உளவியலாளர்கள் 18 முதல் 30 வயது வரையிலான 84 பெண்களை வைத்துச் செய்த ஆய்வு 2004-இல் வெளியானது. ஒரு பகுதியினர் தோற்றத்தை முன்னிறுத்தும் மியூசிக் வீடியோக்களைப் பார்த்தார்கள்; மற்றவர்கள் அப்படி இல்லாதவற்றைப் பார்த்தார்கள். முதல் பகுதியினரிடம் தன்னைத் திரையில் இருப்பவளோடு ஒப்பிடுவதும், தன் உடல்மீதான அதிருப்தியும் கூடியிருந்தன.

இதைவிட ஆழமான ஒன்றை 1998-இல் பார்பரா ஃபிரெட்ரிக்சனும் அவருடைய சக ஆய்வாளர்களும் கண்டார்கள். அமெரிக்கக் கல்லூரி மாணவர்களைத் தனித்தனியே ஓர் உடைமாற்றும் அறைக்குள் அனுப்பினார்கள். சிலருக்கு நீச்சலுடை, சிலருக்கு ஸ்வெட்டர். உடையைப் போட்டுக் கண்ணாடியில் பார்த்துவிட்டு அப்படியே ஒரு கணிதத் தேர்வு எழுத வேண்டும். நீச்சலுடையில் எழுதிய பெண்களின் மதிப்பெண் ஸ்வெட்டரில் எழுதிய பெண்களுடையதைவிடக் குறைந்தது. ஆண்களிடம் அந்த வீழ்ச்சி இல்லை. அறையில் வேறு யாரும் இல்லை, பார்ப்பதற்கு ஆளே இல்லை. பிறர் பார்வை அதற்கு வெகுநாள் முன்பே அந்தப் பெண்களுக்குள் குடியேறிவிட்டிருந்தது. தன்னம்பிக்கைக் குறைவு என்று பொதுவாகச் சொல்லப்படுவதில் இந்தக் கவனச் சிதறலுக்கும் பங்கு இருக்கலாம். மனத்தின் ஒரு பங்கு எந்நேரமும் உடலுக்குக் காவல் நின்றால், செய்யும் வேலைக்கு மீதிதான் கிடைக்கும்.

இதற்கு மறுமொழி சொல்ல முயன்ற பாடல்களும் உண்டு. டிஎல்சி குழுவின் ‘அன்ப்ரெட்டி’ (1999) வீடியோவில், காதலனுக்காக மார்பகத்தைப் பெரிதாக்கும் அறுவைக்குப் போன பெண் அங்கிருந்து ஓடி வந்துவிடுகிறாள். பியான்ஸேயின் ‘ப்ரெட்டி ஹர்ட்ஸ்’ ஓர் அழகிப் போட்டியைக் காட்டுகிறது. வாழ்க்கையில் உன் குறிக்கோள் என்ன என்று மேடையில் கேட்கிறார்கள். உடலை அளந்து, மாத்திரை விழுங்கி, எல்லாவற்றுக்கும் ஆயத்தமாகி வந்தவள் அந்தக் கேள்வி முன் திகைத்து நிற்கிறாள். இவற்றில் எளிமையானது கோல்பி கலேயின் ‘ட்ரை’ (2014). முழு ஒப்பனையில் தொடங்கும் பாடகியின் சவுரி கழல்கிறது, பூச்சு கலைகிறது. பல வயதுப் பெண்கள் அவரோடு சேர்ந்து தங்கள் முகத்தைத் துடைத்துக்கொள்கிறார்கள். ஒரு முகம் எவ்வளவு உழைப்பில் உருவாக்கப்படுகிறது என்பதை அது பின்னோக்கிக் காட்டுகிறது. அந்த நேர்மை எந்த அறிவுரையையும்விட வலிமையானது.

அறிவுரை சொல்பவரையும் தொழில் விட்டுவைப்பதில்லை. பருத்த உடலைக் கொண்டாடி, பத்திரிகைப் படங்களைக் கணினியில் திருத்துவதைச் சாடிய ‘ஆல் அபவுட் தட் பேஸ்’ (2014) பாட்டால் புகழ்பெற்றவர் மேகன் ட்ரெய்னர். 2016 மே மாதம் வெளியான அவருடைய ‘மீ டூ’ வீடியோவில் அவர் ஒப்புதல் இல்லாமலேயே இடுப்பைச் சிறுக்க வைத்திருந்தார்கள். வெளியான சில மணி நேரத்தில் அதை இறக்கச் செய்து, திருத்தாத வடிவத்தை ஏற்றினார். திருத்தியவர்களுக்குத் தீய எண்ணம் இருந்திருக்க வேண்டியதில்லை. இடுப்பென்றால் இவ்வளவுதான் என்பது கைப்பழக்கமாகிவிட்ட இடத்தில், பாட்டு என்ன சொல்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

‘நீயும் அழகிதான்’ என்ற ஆறுதலின் குறையும் இங்கேதான் இருக்கிறது. அது அழகின் வேலியைத் தள்ளிப் போட்டு இன்னும் பலரை உள்ளே அழைக்கிறது. அந்த அளவில் அது பெரிய நன்மை. முகப்பருவாலும் எடையாலும் நொந்துபோன பதினான்கு வயதுப் பெண்ணுக்கு அந்தச் சொல் உயிர் கொடுக்கும். ஆயினும் பெண்ணின் மதிப்பு அழகில்தான் இருக்கிறது என்ற கணக்கை அது தொடுவதில்லை. அழகி என்பதால் வந்த துணிவை ஒவ்வொரு காலையும் கண்ணாடி முன் புதுப்பிக்க வேண்டியிருக்கும். வயது ஏற ஏற அது இன்னும் கடினம்.

அழகைப் பற்றி வாதாடாமல் கவனத்தையே வேறிடத்துக்கு நகர்த்திய வீடியோக்கள் சில உண்டு. ஜானெட் ஜாக்ஸனின் ‘ரிதம் நேஷன்’ (1989) கறுப்பு வெள்ளையில், ராணுவச் சீருடை போன்ற உடையில் எடுக்கப்பட்டது. கண் போவது கையும் காலும் தாளத்தில் விழும் துல்லியத்துக்கு. அதைப் பார்த்து ஆடிப் பழகும் பெண்ணும் கண்ணாடி முன்தான் நிற்கிறாள், ஆனால் அவள் அதில் தேடுவது தன் காலடியை. மிஸ்ஸி எலியட் இன்னும் துணிந்தார். ஹைப் வில்லியம்ஸ் இயக்கிய ‘தி ரெயின்’ (1997) வீடியோவில் காற்று நிரப்பிய பளபளக்கும் கறுப்பு உடையில், உருவத்தை வளைத்துக் காட்டும் லென்ஸ் முன் அவர் ஆடுகிறார். இடுப்பு எங்கே என்றே தெரியாது. தன் உடலை ஒப்பிட முடியாததாக்கிவிட்டுத் தன் சொல்லையும் தாளத்தையும் முன்னால் வைத்தார். அதற்கு முன்பே ஆலியா போன்ற பாடகிகளுக்குப் பாட்டு எழுதிக்கொண்டிருந்தவர் அவர். 2019-இல் அமெரிக்கப் பாடலாசிரியர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்றார். அந்த இடத்தைப் பெற்ற முதல் ராப் பாடகி அவரே.