15 வெள்ளி யாருடையது?

தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது அலமாரிக்கு அடியில் என்னுடைய பழைய கைப்பேசிகள் மூன்றும் ஒரு மடிக்கணினியும் கிடைத்தன. சரியாக அந்த நேரம் பார்த்துப் பேப்பர் லாமா லோரி வந்தது. அம்மா அதற்குள் பேரம் பேசி முடித்துவிட்டார்.

"15 வெள்ளி தர்றாராம்டா. சும்மா கெடக்குறதுதானே?"

வேண்டாம் என்றேன். பேரங்காடியில் உரிமம் பெற்ற நிறுவனத்தின் பெட்டி இருக்கிறது, அதில் போடலாம் என்றேன்.

"அவங்க எவ்வளவு தருவாங்க?"

"ஒன்னும் தர மாட்டாங்கம்மா."

அம்மா பார்த்த பார்வையில் என் பொறியியல் பட்டத்தின் மதிப்பு கொஞ்சம் இறங்கியது. ஆனால் அவர் கேட்டது நல்ல கேள்வி. ஒரே பொருளுக்கு இங்கே 15 வெள்ளி, அங்கே ஏன் ஒன்றுமில்லை?

உள்ளே இருக்கும் உலோகம் ஒன்றுதான். துருப்பிடிக்காது என்பதால் மின்சுற்றுப் பலகையின் இணைப்புமுனைகளில் தங்கம் பூசுகிறார்கள். ஒரு கைப்பேசியில் இருப்பது மிகச் சொற்பம். ஆனால் 2020 தோக்கியோ ஒலிம்பிக் பதக்கங்களுக்காக ஜப்பானில் சுமார் 6.2 மில்லியன் கைப்பேசிகளையும் பிற சிறு கருவிகளையும் திரட்டியபோது 32 கிலோ தங்கம் கிடைத்தது.

வித்தியாசம் பிரித்தெடுக்கும் முறையில் இருக்கிறது. ஒழுங்கான ஆலை புகையை வடிகட்ட வேண்டும், அமிலக் கழிவைச் சுத்திகரிக்க வேண்டும். எல்லாமே செலவு. கள்ள ஆலையில் கம்பியைத் திறந்தவெளியில் எரித்துவிட்டு, அமிலத்தைக் கால்வாயில் ஊற்றிவிடலாம். அங்கே செலவு இல்லை என்று அர்த்தமில்லை. எரிப்பவரின் நுரையீரலும் ஆறும் அதைக் கட்டுகின்றன. 2018இல் சீனா கழிவு இறக்குமதியை இறுக்கியபின் இந்தத் தொழிலில் ஒரு பங்கு நம் நாட்டுக்கும் வந்தது. என் கைப்பேசி அப்படியோர் ஆலைக்குப் போயிருந்தால், அம்மா வாங்கும் 15 வெள்ளியில் முகம் தெரியாத ஒரு தொழிலாளியின் மூச்சும் சேர்ந்திருக்கும்.

அப்படியென்றால் லோரிக்கார அங்கிள் குற்றவாளியா? அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2022இல் உலகில் சேர்ந்த 62 மில்லியன் டன் மின்கழிவில் முறையாகத் திரட்டி மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 விழுக்காடு மட்டுமே. வெயிலில் வீடு வீடாக வந்து கேட்பவர் அவர்தான். எனக்கு அந்த 15 வெள்ளி தேவைப்படவில்லை, அதனால் நல்லவனாக இருக்க முடிந்தது. அது தேவைப்படும் வீட்டில் போய் நான் நியாயம் பேச முடியுமா?

கழிவைச் சுத்தமாகப் பிரிக்கும் செலவைப் பொருள் வாங்கும்போதே விலையில் சேர்த்து எங்களைப் போன்றவர்களிடம் வசூலிப்பதுதான் நேர்மை. ஆக, கேள்வி தூக்கிப் போடும் நாளில் தொடங்கவில்லை, வாங்கும் நாளிலேயே தொடங்கிவிடுகிறது.

பெட்டியில் போட்டுவிட்டுத் திரும்பும்போது அம்மா சொன்னார்: "எங்க போடுறதுன்னு இவ்ளோ யோசிக்கிறியே, ஆறு வருசத்துல மூனு போனு மாத்துனப்ப யோசிச்சியா?"

பதில் சொல்லவில்லை. இப்போது வைத்திருக்கும் கைப்பேசிக்கு மறுவாரம் பேட்டரி மட்டும் மாற்றினேன்.