இதயம் மறக்காத போர்

வியட்நாம் போர்க்காலத்தில் அமெரிக்கப் படைகளில் பணியாற்றிய இரட்டையர்களைப் பற்றி 2013-இல் வெளியான ஆய்வு, உடல் வேறு மனம் வேறு என்ற தத்துவஞானி டெகார்ட்டின் கோட்பாட்டை அசைக்கிறது. அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு உள்ளவர்களில் 22.6 சதவீதத்தினருக்கு இதயநோய் வந்தது, இல்லாதவர்களில் 8.9 சதவீதம்தான். புகையும் குடியும் காரணம் என்பார்கள். அவற்றைக் கணக்கில் கொண்ட பிறகும் வித்தியாசம் நீடித்தது. பரம்பரைதான் காரணம் என்றால், இரட்டையரில் ஒருவருக்கு மட்டும் கோளாறு இருந்த இணைகளிலும் அவருக்கே பாதிப்பு கூடுதல். இந்தக் கோளாறால் நள்ளிரவில் திடுக்கிட்டு விழிப்பவருக்கு அட்ரினலின் பாய்கிறது, நாடி எகிறுகிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது; ஆண்டுக்கணக்கில் இப்படியே போனால் ரத்தக்குழாய் எப்படித் தாங்கும்? அவரிடம் போய் மனசைத் தேற்றிக்கொள் என்பது அநியாயம்.

அப்படியானால் மனம் வெறும் ரசாயனம்தானே என்று கேட்கலாம். அதுவும் அவசர முடிவு. தெருவில் வெடிக்கும் பட்டாசு எல்லார் காதிலும் ஒரே ஒலிதான். போரிலிருந்து திரும்பிய அவருக்கு மட்டும் அது குண்டுவீச்சு. நாடியை எகிறவைப்பது அந்த அர்த்தம்.